புதுக் காரும் பழந்துணியும்

ஒரு வீட்டுக்குப் புதுக் கார் வந்து சேரும் நாளைக் கண்டிருப்பீர்கள். வாசலில் பிள்ளைகள் கூடி நிற்பார்கள். அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்ல நிறம்" என்பார். உம்மா கண்ணூறு படக்கூடாதென்று வாய்க்குள் ஏதோ ஓதிக்கொள்வார். அன்று மாலைக்குள் அந்தக் காரின் முன்புறத்தை ஊரில் பாதிப்பேர் கையால் தடவிப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் நாட்டில் கார் என்பது இலேசாகக் கிடைக்கும் பொருளல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. வரியும் விலையும் சேர்ந்து நிற்கும் உயரம் உங்களுக்குத் தெரியும். புதிதாக இறங்கியதோ, ஜப்பானில் ஓடிவந்த ரீகண்டிஷனோ, ஒரு கார் வாசலுக்கு வந்திருக்கிறதென்றால் அதற்குப் பின்னால் பல வருடச் சேமிப்பும், மாதாமாதம் கட்டவேண்டிய தவணையும், அநேகமாக வீட்டுப் பெண்ணின் இரண்டு காப்பும் ஒரு மாலையும் இருக்கும்.

அப்படி வந்த காரின் பளபளப்பு ஒரே வருடத்தில் மங்கிப்போவதை நாம் பார்க்கிறோம். வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். வெயிலையும் மழையையும் வீதியையும் குறை சொல்வோம். ஆனால் சகோதரிகளே, அந்தக் கீறல்களில் பெரும்பாலானவற்றைப் போட்டது வெயிலுமல்ல, வீதியுமல்ல. அன்போடு தினமும் துடைத்த கைதான்.

இதை ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லி விளக்குகிறேன்.

ராத்தாவின் நல்ல எண்ணம்

எனது ராத்தாவின் வீடு களுத்துறைப் பக்கம், கடற்கரைக்குக் கிட்ட. பல வருடம் மோட்டார் சைக்கிளில் போய்வந்த மச்சான், ஒருவாறு கடும் நீல நிறத்தில் ஒரு சிறிய கார் எடுத்தார். முற்பணத்துக்கு ராத்தாவின் காப்புகள் போயின. அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மச்சானும் மறக்கவில்லை.

வந்து மூன்றாவது வாரம் காரின் முன்புறத்தில் காகம் எச்சம் போட்டிருந்தது. பகல் வெயிலில் அது காய்ந்து இறுகிவிட்டது. மச்சான் வருமுன் துப்புரவாக்கி வைப்போம் என்று ராத்தா குசினிக்குள் போனாள். சட்டி தேய்க்கும் பச்சை நாரையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் கொண்டுவந்து, சட்டியின் அடியைத் தேய்ப்பதுபோல் நன்றாகத் தேய்த்தாள். எச்சம் போய்விட்டது. ஈரம் காய்ந்தபோது உள்ளங்கையளவு இடம் சாம்பல் படிந்ததுபோல் மங்கிக் கிடந்தது.

அன்றிரவு மச்சான் ஒன்றும் ஏசவில்லை. வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, வந்து சாப்பாட்டுக்கு அமர்ந்தார். அந்த மௌனம்தான் ராத்தாவுக்குத் தாங்கவில்லை. "நான் நல்லதுக்குத்தானே தேச்சேன்" என்று எனக்குத் தொலைபேசியில் சொல்லி அழுதாள்.

அவள் செய்த பிழை என்ன? கெட்ட எண்ணமில்லை, சோம்பலில்லை, கவனக்குறைவுமில்லை. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கார் ஓட்டப் பழக்குகிறவர் கிளச்சும் கியரும் காட்டித் தருகிறார். துடைக்கும் துணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டில் துணியும் வாளியும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களுக்கே இது முதலில் தெரியவேண்டும் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இன்று எத்தனையோ சகோதரிகள் தாங்களே காரோட்டிப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு விடுகிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

அந்தப் பளபளப்பு எது?

காரின் உடலில் நாம் காணும் நிறம் ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருப்பிடிக்காமல் காக்கும் ஒரு பூச்சு. அதன்மேல் பிரைமர். அதன்மேல்தான் நீங்கள் பார்த்து விரும்பிய நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. பளபளப்பு அந்த மேற்பூச்சில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான்.

இவை அனைத்தும் சேர்ந்து எவ்வளவு தடிப்பு என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். காரின் மொத்தப் பூச்சும் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். அதில் மேலேயுள்ள கண்ணாடிப் பூச்சு மட்டும் சுமார் 40 மைக்ரோன். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். ஆக, பல இலட்சம் ரூபா பெறுமதியான காரின் அழகு முழுவதும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பூச்சில் தங்கியிருக்கிறது.

வாப்பாமார் காலத்து மொரிஸ் மைனருக்கும் ஒஸ்டினுக்கும் இந்தக் கண்ணாடிப் பூச்சு இல்லை. நிறமே மேலே இருந்தது. வருடத்துக்கொருமுறை பொலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் நிறம் வரும், கார் மினுங்கும். அந்தக் காலத்து நம்பிக்கையில் இன்றைய காரையும் தேய்க்கிறோம். 1980களுக்குப் பின் பரவிய இந்தக் கண்ணாடிப் பூச்சு ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான். திரும்ப வளராது.

துணிக்குள் இருக்கும் மணல்

அடுத்து, தூசியைப் பற்றிச் சொல்லவேண்டும். வீதித் தூசியில் மண் மட்டுமல்ல, மணலும் இருக்கிறது. மணலில் அதிகமாக இருப்பது குவார்ட்ஸ் என்னும் கனிமம். அது கண்ணாடியையே கீறும் கடினமுடையது. கார்ப் பூச்சு எம்மாத்திரம்?

காலையில் பல வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஸுபஹுக்குப் பின் யாராவது ஒரு பழைய சாரத் துண்டை எடுத்து, காய்ந்த காரின் மேல் உலர்த் துணியாலேயே தூசி தட்டித் துடைப்பார். கார் அந்த நேரம் துப்புரவாகத் தெரியும். உண்மையில் அந்தத் துணி மணலைப் பிடித்துக்கொண்டு கார் முழுவதும் இழுத்திருக்கிறது. ஒரு வருடத்தில் முந்நூறு காலை. சிலந்தி வலைக் கீறல்கள் எங்கிருந்து வந்தன என்று இனி உங்களுக்கு விளங்கும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: தண்ணீர் படுமுன் துணி படக்கூடாது. காரில் தூசி இருந்தால் இருக்கட்டும். இருக்கும் தூசி காரைக் கீறாது. இழுக்கும் தூசிதான் கீறும். கழுவ நேரமில்லாத நாளில் முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் ஈரமாக்கித் துடைத்துவிட்டுப் போகலாம். மற்றதை விட்டுவிடுங்கள்.

கழுவும் முறை

முதலில் நேரம். வெயில் ஏறுமுன் காலையில், அல்லது அஸருக்குப் பின் நிழலில். தகடு கைக்குச் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். சூட்டில் சவர்க்கார நீர் கழுவுமுன்னே காய்ந்து கறை பிடித்துவிடும்.

அடுத்தது உங்கள் கை. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அபாயாவில் பொத்தானோ கற்பதித்த வேலைப்பாடோ இருந்தால், சாய்ந்து கூரையைத் துடைக்கும்போது அது கதவில் உரசும். வீட்டு உடுப்போடு கழுவுவதே நல்லது.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. இரண்டு வாளி, கார் ஷாம்பூ ஒரு போத்தல், மைக்ரோபைபர் துணி நான்கைந்து. இந்தத் துணி இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதன் மெல்லிய இழைகள் அழுக்கைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்கின்றன. பழைய சேர்ட், சாரம் போன்றவை அதை மேலேயே இழுத்துச் செல்கின்றன. இரண்டு நிறத்தில் வாங்குங்கள். ஒரு நிறம் காரின் உடலுக்கு, மற்றது சில்லுகளுக்கு. இரண்டும் ஒருநாளும் கலக்கக்கூடாது.

இனி கழுவலாம்.

1. வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றுங்கள். கை வைக்கவேண்டாம், துணி வைக்கவேண்டாம். ஐந்து நிமிடம் ஊறினால் மணலில் பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி.

2. ஒரு வாளியில் ஷாம்பூ கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷாம்பூ நீரில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும், முதலில் வெறும் நீரில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டுப் பின்னரே ஷாம்பூ வாளியில் போடுங்கள். ஒரே வாளியாக இருந்தால் விட்ட மணலைத் திரும்ப அள்ளிப் பூசுவதாகிவிடும்.

3. கூரையில் தொடங்குங்கள். பிறகு கண்ணாடிகள், முன்புறம், கதவுகளின் மேற்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதி. கீழேதான் மணலும் தாரும் அதிகம். சில்லுகள் எல்லாவற்றுக்கும் பிறகு, மற்ற நிறத் துணியால். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் அங்கே படிந்திருக்கும்.

4. வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுங்கள். அழுத்தவேண்டாம். பிள்ளையின் முகம் துடைக்கும் அளவு பலம் போதும்.

5. ஒரு பகுதி முடிந்ததும் அதைக் காயவிடாமல் நீர் ஊற்றி அலசுங்கள்.

6. கடைசியில் சுத்தமான, தடித்த மைக்ரோபைபர் துவாயை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்து ஈரத்தை எடுங்கள். தானாகக் காயட்டும் என்று விடவேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

துணி கையிலிருந்து நிலத்தில் விழுந்தால் அதை அன்றைக்குத் தள்ளி வையுங்கள். உதறிவிட்டுத் துடைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. கழுவிய துணிகளைத் துவாய்களோடும் சாரங்களோடும் போட்டுத் துவைக்கவேண்டாம், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். மணத்துக்காகவும் மென்மைக்காகவும் உடுப்புக்குப் போடும் திரவத்தையும் சேர்க்கவேண்டாம். அது இழைகளில் படிந்து, நீரை உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

சர்வீஸ் ஸ்டேஷனில் கழுவக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே லொறிக்கும் வேனுக்கும் ஓட்டோவுக்கும் பாவித்த அதே துணிதான் உங்கள் காருக்கும் வரும். உங்கள் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, "தம்பி, இதால துடைங்க" என்று சொன்னால் யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

எத்தனை வாளி?

நமது ஊர்களில் கார் கழுவுவதென்றால் பைப்பைத் திறந்துவிட்டு, கடைசிவரை ஓடவிடுவதுதான் வழக்கம். ஒருநாள் ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் பைப்பின் கீழே பத்து லீற்றர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். நாற்பது செக்கனில் நிரம்பினால், இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் முப்பது வாளி. முந்நூறு லீற்றர்.

மேலே சொன்ன முறையில் ஒரு சிறிய காருக்கு ஆறு வாளி போதும். ஊறவைக்க இரண்டு, ஷாம்பூவுக்கு ஒன்று, அலச ஒன்று, கடைசியில் ஊற்ற இரண்டு. அறுபது லீற்றர்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுளூச் செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஒரு முத்து என்பது நடுத்தர மனிதர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. வணக்கத்துக்கே அவ்வளவு சிக்கனம் காட்டிய உம்மத்தைச் சேர்ந்த நாம், வரட்சிக் காலத்தில் அடுத்த தெருவில் பவுசருக்குக் குடத்தோடு நிற்பவர்களைக் கண்டுகொண்டே காருக்கு முந்நூறு லீற்றர் ஓடவிடுவது எப்படி? அண்டை வீட்டாரின் கடமையும் இதில் உண்டு. சவர்க்கார நீர் அவர்களின் வாசலுக்கோ கிணற்றுப் பக்கத்துக்கோ ஓடாதபடி, உங்கள் வளவில் புல் உள்ள பக்கமாகக் காரை நிறுத்திக் கழுவுங்கள்.

காகமும் பலாமரமும் கடற்காற்றும்

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் சூடேறிய பூச்சு சற்று இளகி விரிகிறது. மேலே எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் தடம் அதில் பதிந்துவிடுகிறது. ஆகவே கண்ட உடனேயே எடுக்கவேண்டும், ஆனால் தேய்த்து எடுக்கக்கூடாது. ஒரு துணியையோ டிஷ்யூவையோ நன்றாக நனைத்து எச்சத்தின் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் அப்படியே கிள்ளித் தூக்குங்கள். பிறகு நீர் ஊற்றுங்கள். காருக்குள் ஒரு சிறிய போத்தல் தண்ணீரும் ஒரு துணியும் எப்போதும் இருக்கட்டும்.

பலா, ஈரப்பலா, மா மரங்களின் கீழ் நிறுத்தினால் பால் சொட்டும். பலாக்காய் வெட்டும்போது கையில் தேங்காய் எண்ணெய் பூசுகிறோமல்லவா? இங்கும் அதே வைத்தியம்தான். பஞ்சில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டு, காய்ந்த பாலின் மேல் ஒற்றி இளகவிடுங்கள். வீதித் தாருக்கும் இது உதவும். இளகியதும் துடைத்து, அந்த இடத்தை ஷாம்பூ நீரால் கழுவி எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

கரையோர ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு உப்புக் காற்று. பேருவளை, கல்முனை, காத்தான்குடி, மன்னார், எங்கே ஆனாலும் உப்புத் துகள் காரில் படிந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது வெறும் நீரால் அலசுங்கள். பார்வையில் படாத சில்லுக் குழிகளையும் கீழ் விளிம்புகளையும் மறக்கவேண்டாம். துரு அங்கேதான் தொடங்குகிறது.

தானாகக் காயவிடவேண்டாம் என்று சொன்னதன் காரணம் கிணற்று நீர். யாழ்ப்பாணம், புத்தளம், மன்னார் போன்ற சுண்ணாம்புக்கல் பிரதேசங்களின் நீர் வன்னீர். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் துளி துளியாகக் காரிலும் படிகிறது. துளி காய்ந்தால் வட்டம் தங்கிவிடும். ஏற்கெனவே வட்டங்கள் இருந்தால், வினாகிரியில் சம அளவு நீர் கலந்து, துணியில் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து உடனே நன்றாக அலசுங்கள். ஊறவிடக்கூடாது, வெயிலில் செய்யவும் கூடாது.

குசினியிலிருந்து காருக்குப் போகக்கூடாதவை

சட்டி தேய்க்கும் நார்: அதில் கடினமான துகள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அது அரம் போன்றது. தென்னந்தும்பும் ஆகாது.

சலவைத் தூள்: காரத்தன்மையுள்ளது. கரையாத துகள்கள் கீறவும் செய்யும். கட்டிச் சவர்க்காரம் வன்னீரில் திரைந்து படலமாகப் படியும்.

பாத்திரம் கழுவும் திரவம்: சட்டியின் எண்ணெயை எடுக்கிற அதே வேகத்தில் காரின் மெழுகையும் எடுத்துவிடும். அவசரத்துக்கு ஒருநாள் பாவித்தால் பெயிண்ட் கெட்டுவிடாது. வழக்கமாக்கினால் பாதுகாப்பு போய்விடும்.

மண்ணெண்ணெய்: கழுவும் நீரில் சில துளி விட்டால் மினுங்கும் என்று பலர் சொல்வார்கள். மினுங்குவது எண்ணெய்ப் படலம். மாலைக்குள் அதில் தூசி ஒட்டும். கதவுகளின் இறப்பர் ஓரங்களும் ஊதிக் கெடும். தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் மறக்கவேண்டாம்.

பற்பசை: கீறலை மறைக்கும் என்பார்கள். அதிலும் தேய்க்கும் தூள் உண்டு. ஒரு கீறலை எடுக்கப்போய் நூறு நுண்கீறல் போடுவீர்கள்.

பெற்றோலும் தின்னரும்: லைட் கண்ணாடிகளையும் பிளாஸ்டிக் பாகங்களையும் கெடுத்துவிடும்.

இன்னும் சில வீட்டுப் பழக்கங்களும் உண்டு. சந்தையால் வந்ததும் பையைக் காரின் முன்புறத்தில் வைத்துவிட்டுத் திறப்பைத் தேடுவது, கொக்கி வைத்த கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரமாக ஒதுங்கி நடப்பது, தூசியோடு நிற்கும் காரின் மேலேயே உறையை இழுத்து மூடுவது. காற்றில் அசையும் உறை, உள்ளேயுள்ள தூசியை நாள் முழுவதும் தேய்த்துக்கொண்டிருக்கும். கழுவிக் காய்ந்த காருக்கே உறை போடுங்கள். அதுவும் காற்றோட்டமுள்ள துணி உறையாக இருக்கட்டும். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும்.

கப்பலில் வரும்போது கீறாமலிருக்கச் சில புதுக் கார்களின் மேல் வெள்ளைப் பொலித்தீன் தாள் ஒட்டி வரும். புதுசாக இருக்கட்டுமே என்று அதை விட்டு வைக்கவேண்டாம். வெயிலில் பசை இறுகினால் பிறகு உரிப்பது பெரும்பாடு.

மெழுகா, பொலிஷா?

இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவது வழமை. பொலிஷ் என்பது நுண்ணிய தூளால் மேற்பூச்சைச் சிறிதளவு தேய்த்து எடுப்பது. மெழுகு என்பது மேலே ஒரு காப்பைச் சேர்ப்பது. ஒன்று எடுக்கிறது, மற்றது கொடுக்கிறது. புதுக் காருக்குப் பொலிஷ் தேவையில்லை. மெழுகு தேவை.

நல்ல கார் மெழுகுகளில் சேரும் கார்னோபா என்னும் மெழுகு, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையினத்தின் ஓலையிலிருந்து வருகிறது. கடும் வெயிலில் ஓலையின் நீர் வற்றிப்போகாமல் அல்லாஹ் அந்த மரத்துக்குக் கொடுத்த போர்வை அது. அதையே நாம் காருக்குப் போர்த்துகிறோம்.

கழுவிக் காய்ந்த காரில், நிழலில், மிக மெல்லிதாகப் பூசி, டப்பாவில் சொல்லியபடி காயவிட்டு, சுத்தமான மைக்ரோபைபர் துணியால் துடைத்தெடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளில் படாமல் பாருங்கள், வெள்ளையாகப் பிடித்துவிடும். நம் நாட்டு வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். மெழுகு இருக்கிறதா என்று அறிவது எளிது. மழைத்துளி தாமரை இலையில்போல் உருண்டு நின்றால் இருக்கிறது. படர்ந்து தங்கினால் போய்விட்டது.

தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட் சுமார் 140 பாகை செல்சியஸ் சூட்டில் சுடப்பட்டு வருவதால் முதல் நாளே மெழுகு பூசலாம். விபத்தின் பின் இங்கே பூசிய பெயிண்ட் முழுதாக இறுகச் சில வாரம் செல்லும். பூசியவர் சொல்லும் காலம்வரை மென்மையாகக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது செராமிக் பூச்சு என்று பெருந்தொகை கேட்கிறார்கள். அது பொய்யல்ல. மெழுகைவிட நீண்ட காலம் நிற்கும், நீர் நில்லாது, அழுக்கு இலேசாகப் போகும். ஆனால் கல் தெறிப்பதை அது தடுக்காது. மணல் துணியால் துடைத்தால் அதுவும் கீறும். "இதைப் போட்டால் கழுவவே தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கையில் காசிருந்தால் போடலாம். கடன்பட்டுப் போடுமளவுக்கு அவசியமில்லை. இரண்டு வாளியும் நல்ல துணியும் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

கீறல் விழுந்துவிட்டால்

கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் அது மேற்பூச்சோடு நிற்கிறது. நல்ல வேலைகாரர் ஒருவர் அந்த இடத்தை மட்டும் பொலிஷ் செய்து பெரும்பாலும் மறைத்துவிடுவார். நகம் மாட்டினால் ஆழமானது. இரும்பு தெரிந்தால் தள்ளிப்போடவேண்டாம், கடற்கரை ஊர்களில் துரு காத்திருக்காது. காரின் நிறக் குறியீடு கதவின் உள்விளிம்பிலோ எஞ்சின் பக்கத்திலோ உள்ள தகட்டில் இருக்கும். அந்தக் குறியீட்டின்படி நிறம் கலந்து வாங்கிப் புள்ளியிட்டு மூடலாம்.

பிள்ளை ஒருநாள் சைக்கிளைக் கொண்டுபோய்க் கதவில் முட்டும். அது நடக்காத வீடில்லை. அந்த நேரம் வாயிலிருந்து வரும் வார்த்தை எந்தப் பொலிஷாலும் போகாது. பத்து வருடம் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள், ஒருநாளும் தன்னை அன்னார் "சீ" என்று சொன்னதில்லை, "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த நபியின் உம்மத் நாம். பிள்ளையின் கையில் ஒரு துணியைக் கொடுத்து, "வா, சேர்ந்து கழுவுவோம்" என்று கூப்பிடுங்கள். தான் கழுவிய காரில் எந்தப் பிள்ளையும் எளிதில் சைக்கிளை முட்டாது.

அழகும் பெருமையும்

காரை இவ்வளவு பேணுவது பெருமையாகாதா என்று சில சகோதரிகள் கேட்கலாம். தன் உடுப்பும் பாதணியும் அழகாக இருக்க விரும்பும் மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற கருத்தில் பதிலளித்த அன்னார், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகப் பார்ப்பதும் என்று விளக்கினார்கள். கார் மினுங்குவதில் பெருமை இல்லை. மினுங்கும் காரிலிருந்து, மழையில் நனைந்து நடப்பவரைக் கண்டும் காணாததுபோல் போவதில் இருக்கிறது. வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவின் பொருளும், இதை வசப்படுத்தித் தந்தவன் அவன், நமக்கு அந்தச் சக்தி இருக்கவில்லை என்பதுதானே?

ராத்தாவின் காருக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பக்கத்து ஊரில் பெயிண்ட் வேலை செய்யும் ஒருவரிடம் மச்சான் காட்டினார். நகம் மாட்டவில்லை. இரண்டு மணித்தியால வேலையில் அந்த மங்கல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வெயில் சரிந்து விழும்போது, இடம் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு நிழல்போல் இன்னும் தெரியும்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன், அந்த வீட்டு முற்றத்தில் இரண்டு வாளிகள் இருக்கும். மச்சான் நீர் ஊற்றுவார், ராத்தா துடைப்பாள், மகன் சில்லுகளைக் கழுவுவான். போன மாதம் நான் போயிருந்தபோது ஒரு துணி நிலத்தில் விழுந்தது. மச்சான் அதை எடுத்து உதறப் பார்த்தார். ராத்தா சொன்னாள்: "அதை வெச்சிடுங்க. வேற துணி தாறேன்."